பந்தை வெளியே உதைத்தால் யாருக்கு லாபம்?

என் மச்சான் பல ஆண்டுகள் பிரிஸ்பனில் வேலை பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியவர். வரும்போது ரக்பி லீக் பித்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். ரக்பியில் லீக், யூனியன் என்று விதிகள் வேறான இரண்டு ஆட்டங்கள் உண்டு. எனக்கோ ரக்பி என்றால் யூனியன்தான். மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். 2016-இல் தேசிய விளையாட்டரங்கில் எழுவர் இறுதிப் போட்டியில் கென்யா 30-7 என்று ஃபிஜியைச் சாய்த்ததை இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறவன் நான். தேக்காவில் தே தாரிக் ஆறிப்போகும்வரை நாங்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் ஒரே கேள்விக்காக: பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டால் அடுத்து என்ன நடக்க வேண்டும்?

தரையில் படாமல் நேராக வெளியே போகும் உதையை முதலில் எடுத்துக்கொள்வோம். லீக்கில் இதற்கு மன்னிப்பே கிடையாது. மைதானத்தின் எந்த மூலையில் நின்று உதைத்தாலும், உதைத்த இடத்துக்கே ஆட்டம் திரும்பும். பந்து எதிரணிக்குப் போகும். யூனியனில் ஓர் அடைக்கலம் உண்டு. சொந்த 22 மீட்டர் கோட்டுக்குள் (தம் கோல் கோட்டிலிருந்து 22 மீட்டருக்குள்) நின்று உதைத்தால், பந்து எங்கே பக்கக்கோட்டைத் தாண்டியதோ அங்கேதான் லைன்அவுட், அதாவது இரு அணியினரும் வரிசையாக நிற்க, வெளியிலிருந்து பந்தை அவர்கள் நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவது. எறிவது எதிரணி என்றாலும், ஐம்பது மீட்டர் தள்ளிப் போய் எறிய வேண்டும். 22-க்கு வெளியே நின்று உதைத்தாலோ, தாமே பந்தை உள்ளே கொண்டுபோய் உதைத்தாலோ இந்தச் சலுகை இல்லை.

“இது கோழைகளின் விதி, மாப்பிள்ளை” என்பார் மச்சான். ஒரு காலத்தில் இதைவிட மோசமாக இருந்தது என்பதை அவருக்கு நினைவூட்டுவேன். அப்போது எங்கிருந்து வேண்டுமானாலும் நேராக வெளியே உதைத்து இடம் பிடிக்கலாம். 1963-இல் எடின்பரோவின் மரேஃபீல்டில் வேல்ஸ் அணி ஸ்காட்லாந்தை 6-0 என்று வென்ற ஆட்டத்தில், வேல்ஸ் தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பந்து கைக்கு வந்தபோதெல்லாம் வெளியே உதைத்துக்கொண்டிருந்தார். விளைவு, 111 லைன்அவுட்டுகள். எண்பது நிமிட ஆட்டத்தில் முக்கால் நிமிடத்துக்கு ஒன்று! அதைப் பார்க்கக் காசு கொடுத்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பிறகுதான் அந்த உரிமை தற்காப்புப் பகுதியோடு நின்றது. ஆகவே 22 என்பது மிச்சம் விட்டுவைத்த சலுகை. இந்த ஒரு விஷயத்தில் லீக்கின் கண்டிப்பு எனக்கும் பிடிக்கும், ஆனால் மச்சானிடம் ஒப்புக்கொண்டதில்லை.

உண்மையான சண்டை, தரையில் பட்டு வெளியே போகும் உதையில்தான். லீக்கில் 40/20 விதி 1990களிலேயே வந்துவிட்டது: சொந்த 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்த பந்து, தரையில் பட்டு, எதிரணியின் 20 மீட்டருக்குள் வெளியேறினால், பந்து உதைத்த அணிக்கே. யூனியன் இதைப் பார்த்துத்தான் 2021-இல் 50:22 விதியைச் சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கியது. சொந்தப் பாதியில் நின்று உதைக்க வேண்டும். எதிரணியின் 22-க்குள் பந்து வெளியேற வேண்டும். தாமே பந்தைச் சொந்தப் பாதிக்குள் திருப்பிக் கொண்டுவந்து உதைத்தால் செல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மீட்டர் மைதானத்தில் 50:22-க்குக் குறைந்தபட்சம் 28 மீட்டர் போதும். 40/20-க்கு 40 மீட்டர். மச்சான் மீசையை முறுக்குவது இந்த இடத்தில்தான். ஆனால் பரிசையும் பார்க்க வேண்டும். லீக்கில் ஆறு டாக்கிள், அதாவது ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்படும்வரை பந்தை வைத்திருக்கும் வாய்ப்பு, முழுசாகப் புதிதாகக் கிடைக்கும், அதுவும் எதிரணியின் வாசலில். யூனியனில் கிடைப்பது லைன்அவுட்டில் எறியும் உரிமை மட்டும். எதிரணி எம்பிக் குதித்துப் பறித்துவிட்டால் எல்லாம் போச்சு. உதைப்பது எளிது, பலன் நிச்சயமில்லை. எனக்கு இந்தப் பேரம் பிடித்திருக்கிறது. மேலும், இந்த உதைக்குப் பயந்து ஓரக்காரர் ஒருவர் பின்னால் போய் நிற்க வேண்டியிருப்பதால் முன்வரிசைத் தடுப்பில் இடைவெளி விழுகிறது. முட்டி மோதுவது குறைய வேண்டும் என்பதும் விதியின் நோக்கம்.

நான்கு மணி மழைக்குப் பிந்தைய புல்லில் பதினான்கு வயதுப் பையன்கள் இதை முயல்வதைப் பார்க்க வேண்டும். ஈரப் பந்து மூக்கால் விழுந்தால் அப்படியே நின்று மேலே துள்ளும்; வயிற்றால் விழுந்தால் கோட்டை நோக்கிச் சறுக்கும். போன மாதம் ஒன்று கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து, உள்பக்கமாகத் திரும்பி, எதிரணிப் பையன் கையில் பழம்போல் உட்கார்ந்தது.

பெனால்டியில் வித்தியாசம் குறைவு. இரண்டிலும் வெளியே உதைத்து இடம் பிடிக்கலாம், பந்தும் நம்முடையதே. லீக்கில் பந்தைத் தட்டி ஆட்டத்தைத் தொடங்குவார்கள், யூனியனில் லைன்அவுட். ஐந்து மீட்டரில் லைன்அவுட் கிடைத்தால் எட்டுப் பேர் கட்டிப்பிடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம் என்ற ஆசையில் மூலைக்கொடிக்கு அருகே குறிவைத்து, பந்து வெளியே போகாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

யூனியனில் மட்டும் உள்ள இன்னொன்று, விரைவு எறிதல். வரிசை சேருமுன் வெளியே போன பந்தைத் தானே எடுத்து உடனே எறியலாம். ஆனால் அதே பந்தாக இருக்க வேண்டும், வேறு யாரும் தொட்டிருக்கக் கூடாது. இதை நான் கற்றது கசப்பாக. மகனின் அணிக்காக ஒருமுறை உருண்டுவந்த பந்தைக் காலால் நிறுத்தி, எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். எதிரே தடுக்க ஆளில்லை. நடுவர் விசில் ஊதி, என்னைக் கைகாட்டி, லைன்அவுட் என்றார். “அப்பா, தயவுசெய்து பின்னால் நில்லுங்கள்” என்றான் மகன். பக்கத்தில் நின்ற மச்சான், லீக்கில் இந்த வம்பே கிடையாது என்று ஆரம்பித்தார்.