டிவிடி பூட்டா, புளூ-ரே பூட்டா?

வட்டில் படம் பார்ப்பவர்கள் இந்த இரண்டு நகல் தடுப்புகளோடும் மல்லுக்கட்டியிருப்பார்கள்: டிவிடியின் சிஎஸ்எஸ், புளூ-ரேயின் ஏஏசிஎஸ்.

சிஎஸ்எஸ் சாவி, அதாவது படத்தைத் திறக்கும் ரகசிய எண், வெறும் 40 பிட். 1999-இல் அதை உடைக்கும் டிஇசிஎஸ்எஸ் என்ற குட்டி நிரல் வெளிவந்ததோடு அதன் கதை முடிந்தது. பூட்டே சொத்தை என்பதால், கசிந்த சாவியை ஒதுக்கிவைத்தும் பலனில்லை. இன்று லினக்ஸிலும் விஎல்சி என்ற இலவச பிளேயர் டிவிடியைச் சிரமமில்லாமல் ஓட்டுகிறது.

ஏஏசிஎஸ் விவரமானது. 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம். 2007-இல் சாவி கசிந்ததும் புது வட்டுகளுக்கு வேறு சாவி போட்டுவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவதிப்படுவது யார்? காசு கொடுத்து வட்டு வாங்கியவர். பிளேயர் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் புதுப் படம் ஓடாமல் போகலாம்.

4கே புளூ-ரே இன்னும் மோசம். கணினியில் முறைப்படி பார்க்க இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் (ரகசியத் தகவலைச் சிப்புக்குள்ளேயே பூட்டிவைக்கும் வசதி) வேண்டும், மானிட்டரும் எச்டிசிபி 2.2 (திரைக்குப் போகும் படத்தை நகலெடுக்க விடாத பூட்டு) தெரிந்ததாக இருக்க வேண்டும். 11-ஆம் தலைமுறை கோர் சிப்களில் இன்டெல் எஸ்ஜிஎக்ஸையே தூக்கிவிட்டது. ஆக, 7-ஆம் தலைமுறைப் பழைய கணினியில் ஓடும் வட்டு புத்தம்புதுக் கணினியில் ஓடாது! ஏஎம்டி சிப் வைத்திருப்பவர்கள் ஆரம்பத்திலிருந்தே வெளியேதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் டிவிடிதான் தொல்லை: டிரைவின் பகுதிக் குறியீட்டை (எந்த நாட்டுப் பகுதியின் வட்டு ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது. 4கே வட்டில் பகுதிக் குறியீடே இல்லை.

படத் தரத்தில் போட்டியே கிடையாது, 4கேதான். அதற்குத் தனி பிளேயர் வாங்கி டிவியில் மாட்டுங்கள். கணினி டிரைவில் பணம் போடாதீர்கள்.