பெட்ரோல் வாடையைப் புகைவிட்டுக் கண்டுபிடித்த பட்டறை

வாரம் ஒருமுறை அம்மாவை மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் எப்போது கிளம்புவோம் என்று சொல்ல முடியாது. தை மாதத்திலிருந்து அங்கே நிற்கும்போதெல்லாம் காருக்குள் பெட்ரோல் வாடை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் பதைக்கும்.

முதலில் போனது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப், பெயர் வேண்டாம். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள், கோளாறு எண் எதுவும் வரவில்லை. டேங்க் மூடியை மாற்றினார்கள், வாடை போகவில்லை. அடுத்து பெட்ரோல் ஆவியைத் தேக்கும் கேனிஸ்டரை மாற்ற 9,000 ரூபாய் கேட்டார்கள். எங்கே கசிகிறது என்று கேட்டேன். "மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் மேடம்." காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உடன் வேலை பார்க்கும் ஆசிரியை சொல்லித்தான் வலங்கைமான் சாலையில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. தகரக் கொட்டகை, ஒரே ஒரு லிஃப்ட், வாசலில் பூவரச மரம். முதல் நாள் மெக்கானிக் திருப்பி அனுப்பிவிட்டார். "டேங்க் நிரம்பியிருக்கிறது டீச்சர். பாதியானதும் கொண்டுவாருங்கள். முந்தின நாள் மாலையே விட்டுவிட்டால் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்." எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கசிவைக் கண்டுபிடிக்கப் புகைவிட வேண்டும், அது பரவ டேங்கின் மேல்பக்கம் இடம் வேண்டும் என்று அவர் விளக்கியபோது நியாயமாகப் பட்டது.

டேங்கில் எழும் ஆவி கரி நிறைந்த கேனிஸ்டரில் தேங்குகிறது. வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடுகிறது. இந்த வழியில் எங்கே ஓட்டை விழுந்தாலும் வாடை வரும். அமெரிக்காவில் இருக்கும் தம்பியின் காரில் அரை மில்லிமீட்டர் ஓட்டைக்கே பி0456 என்ற கோளாறு எண்ணோடு எச்சரிக்கை விளக்கு எரியுமாம். என் காரில் டேங்கின் ஆவி அழுத்தத்தை அளக்கும் சென்சார் இல்லை. ஸ்கேனர் வாய் திறக்காததன் காரணம் அதுதான்.

முதலில் பர்ஜ் வால்வைக் கழற்றி, கைப்பம்பால் உறிஞ்சிப் பார்த்தார். காற்று போகவில்லை, வால்வு நன்றாக மூடுகிறது. பிறகு கேனிஸ்டரின் காற்றுவழியை ரப்பர் அடைப்பானால் மூடி, எஞ்சின் பக்கத்து ஹோஸ் வழியாகப் புகையைச் செலுத்தினார். புகையைத் தள்ளியது நைட்ரஜன். பெட்ரோல் ஆவியோடு காற்று கலந்தால் ஒரு பொறி போதும் என்பதால் காற்றடிக்கும் கம்ப்ரசரைத் தொடவே இல்லை. டயருக்கு 32 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடிக்கிறோம். இதற்கு அரை பிஎஸ்ஐகூட வேண்டாம். டேங்க் வாய் வழியே புகை வந்ததும் மூடியைத் திருகினார்.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். டேங்கின் மேலே, கை நுழையாத இடத்தில், ஊதுபத்திப் புகைபோல ஓர் இழை நேராக எழுந்து வளைந்தது. "எலி" என்றார். கழற்றிய ஹோஸில் இரண்டு பல் பதிந்த பள்ளம். ஒன்று மட்டும் உள்ளே வரை துளைத்திருந்தது. சம்பா அறுவடை முடிந்து வயலில் நெல் தீர்ந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். நான் வண்டி நிறுத்தியதோ வைக்கோல் போருக்குப் பக்கத்தில்.

சோதனைக்கு 800, ஹோஸும் கிளாம்பும் 350, கூலி 400. மொத்தம் 1,550 ரூபாய். மாற்றிய பிறகு மறுபடியும் புகைவிட்டு, ஓர் இழைகூட வரவில்லை என்று என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

குறையும் உண்டு. உட்கார இடமில்லை, அச்சிட்ட பில் கிடையாது, ஒரே புகை இயந்திரம் என்பதால் நான்கு நாள் காத்திருந்தேன். பெண்கள் தனியாகப் போகத் தயங்க வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார். போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பாதி டேங்கோடு மாலையில் காரை விட்டுவிடுங்கள். வீடு திரும்ப மன்னார்குடி பஸ் பட்டறை வாசலிலேயே நிற்கிறது.