கலோரி ஆப்பா, உணவுக் குறிப்பா, சாட்பாட்டா: உணவுக் கோளாறுக்கு எது கைகொடுக்கும்?

உணவுக் கோளாறு உள்ள ஒருவருக்கு எந்த ஆப் நல்லது என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எந்த வகைக் கோளாறு? அவர் எழுதுவதை மறுமுனையில் படிக்கப்போவது யார்? இரண்டாவதற்கு "யாருமில்லை" என்பதுதான் பதில் என்றால், சந்தையில் உள்ள பெரும்பாலான ஆப்களை இறக்காமல் இருப்பதே மேல்.

வகை ஏன் முக்கியம் என்றால், எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்து இல்லை. கட்டுப்பாடு இழந்து ஒரே மூச்சில் நிறையத் தின்னும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும், தின்றபின் வாந்தி, பேதி மாத்திரை என்று போகும் புலிமியாவுக்கும், வழிகாட்டியோடு கூடிய சுயஉதவிப் பயிற்சியை முதல் படியாகத் தரலாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட நெறிமுறை. இது பெரியவர்களுக்கான பரிந்துரை. டிஜிட்டல் கருவிகளுக்கு நல்ல இடம் இங்கேதான். உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்ஸியாவுக்கு அதே நெறிமுறை நேரடி சிகிச்சையைத்தான் சொல்கிறது. அங்கே ஆப் ஒரு துணைக்கருவி, அவ்வளவுதான்.

கலோரி ஆப்பும் உணவுக் குறிப்பும்

போனில் ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் மைஃபிட்னஸ்பால் போன்ற கலோரி ஆப்பையே பயன்படுத்தப் பார்க்கிறார்கள். 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவுக் கோளாறு உறுதியான 105 பேரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்த ஆப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவர்களில் 73 சதவீதம் பேர், தங்கள் கோளாறில் அதற்கும் பங்குண்டு என்று கருதினார்கள். ஆப்தான் நோயைக் கொண்டுவந்தது என்று இது நிரூபிக்காது. ஆனால் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இலக்குக்குக் கீழே நின்றால் பாராட்டு, தாண்டினால் சிவப்பு, ஒருநாள் விட்டால் தொடர் அறுந்தது என்ற அறிவிப்பு. பட்டினி கிடப்பவரின் மனம் ஓயாமல் சொல்வதை இயந்திரமும் வழிமொழிகிறது. கலோரி எண்ணை மறைக்க வழி இருந்தாலும், உணவைத் தேடும் பக்கத்தில் அது பெரும்பாலும் மறுபடி தலைகாட்டும்.

ரெக்கவரி ரெக்கார்டு போன்ற உணவுக் குறிப்பு ஆப் கேட்கும் கேள்விகளே வேறு: எப்போது, எங்கே, யாரோடு, என்ன சாப்பிட்டீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது, வாந்தி எடுக்கத் தோன்றியதா. சிகிச்சையாளர் தன் பக்கத்தை இணைத்துக்கொண்டால் அந்தக் குறிப்புகளை அடுத்த சந்திப்புக்கு முன்பே பார்த்துவிடலாம்.

இப்படி ஒரு நாள் குறிப்பு வருகிறது என்று வையுங்கள். காலை 8: காபி மட்டும். மதியம் 1.30: தயிர்சாதம் கொஞ்சம், ஆபீஸில், தனியாக. மாலை 6.40: மிக்சர் ஒரு பாக்கெட், பிஸ்கெட், மீந்த சாதம், சமையல்கட்டில் நின்றபடியே, அதற்கு முன் வீட்டில் வாக்குவாதம். எழுதியவருக்கு 6.40 மட்டும்தான் உறுத்தும். விஷயம் தெரிந்தவர் கண் போவது காலை காபிக்கும் மதியக் கொஞ்சத்துக்கும், அதற்குப் பின் வந்த ஐந்து மணி நேர இடைவெளிக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உணவுக் கோளாறுக்கென வகுத்த, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் அடிப்படை ஒழுங்கான சாப்பாடு: மூன்று வேளை உணவு, நடுவே இரண்டு மூன்று சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. ஆகவே இவருக்கு முதல் வாரம் இரண்டே அலாரம் போதும். காலை டிபனுக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று. வாக்குவாதத்தைப் பிறகு பார்க்கலாம். விரத நாட்களையும் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இந்தக் கோளாறில் விரதம் சில சமயம் பட்டினிக்குப் போடும் மரியாதையான பெயர்.

குறிப்பு எங்கே சொதப்பும்? இரவு படுக்கப்போகும்போது மொத்தமாக எழுதினால் நினைவு தனக்குப் பிடித்தபடி கதை கட்டும். சாப்பிட்ட கையோடு எழுதினால்தான் பலன். ஆறேழு நினைவூட்டல் வைத்தால் நான்காம் நாளே அத்தனையும் மியூட் ஆகிவிடும். தட்டை மட்டும் போட்டோ எடுத்தால் பரிமாறியது தெரியும், உள்ளே போனது தெரியாது, எழுதுவதே நல்லது. எதையும் விடாமல் அளவு பிசகாமல் எழுதியே தீர வேண்டும் என்ற வெறி வந்தால் குறிப்பும் நோயின் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு வாரம் நேரத்தையும் "சாப்பிட்டேன், சாப்பிடவில்லை" என்பதையும் மட்டும் எழுதச் சொல்லலாம்.

நாற்பது பக்க நோட்டு இதையெல்லாம் செய்யாதா? செய்யும். ஆப்புக்கு உள்ள அனுகூலம், பாக்கெட்டிலேயே இருப்பதும் சிகிச்சையாளர் இடையில் பார்க்க முடிவதும்தான். அவர் பார்க்கப்போவதில்லை என்றால் நோட்டே ஜெயிக்கிறது. அதில் டயட் விளம்பரம் வராது.

தனியாகவா, ஆள் துணையோடா

இணையவழிப் பயிற்சிகளில் பாதியில் கைவிடுவது சகஜம். ஆள் துணை இல்லாதவற்றில் இன்னும் அதிகம். துணை என்றால் பெரிய ஏற்பாடு இல்லை. நைஸ் சொல்வது 16 வாரத்தில் 4 முதல் 9 சந்திப்பு, ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம், ஆரம்பத்தில் வாரம் ஒன்று. வழிகாட்டி இந்த வாரக் குறிப்பைப் பார்த்து, மாற்ற வேண்டிய ஒன்றைச் சொல்லி, அடுத்த பாடத்துக்கு அனுப்புகிறார். புலிமியாவில் நான்கு வாரம் போயும் பலன் இல்லையென்றால் இழுக்காமல் தனிநபர் சிகிச்சைக்கு மாற்ற வேண்டும்.

நேரடி சிகிச்சையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு 2017-ல் வந்தது. பிஞ்ச் ஈட்டிங் உள்ள 178 பேரில் ஒரு பாதிக்கு நேரடி சிகிச்சை, மறுபாதிக்கு ஆள் துணையோடு இணையவழிப் பயிற்சி. சிகிச்சை முடிந்தபோதும் ஆறு மாதம் கழித்தும் நேரடி சிகிச்சை முந்தியிருந்தது. ஒன்றரை வருடத்தில் வித்தியாசம் தேய்ந்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நல்ல சிகிச்சையாளர் இருந்தால் அவரிடம் போங்கள், சீக்கிரம் தேறலாம். இல்லையென்றால் இணையவழிப் பயிற்சியை மட்டம் என்று தள்ள வேண்டாம்.

அனோரெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்கும் குடும்ப சிகிச்சையை வீடியோ காலிலும் செய்கிறார்கள். நிஜமான சாப்பாட்டு மேஜை கண்முன் தெரிவது இதன் பலம். போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வைக்காமல், தட்டும் எல்லோருடைய கையும் தெரிகிற மாதிரி ஓரத்தில் வைக்க வேண்டும். எடையும் நாடியும் மட்டும் வீடியோவுக்கு அகப்படாது. அவற்றை அருகிலுள்ள மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும். படுத்தபோதும் எழுந்து நின்றபோதும் நாடியும் ரத்த அழுத்தமும் எடுக்க வேண்டும்.

சாட்பாட் பற்றி நீட்டத் தேவையில்லை. அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறு சங்கம், தன் உதவித் தொலைபேசி சேவையை மூட முடிவெடுத்த வேளையில் டெஸ்ஸா என்ற சாட்பாட்டை முன்வைத்தது. அது எடை குறைப்பு ஆலோசனை தருகிறது, கலோரி கணக்குச் சொல்கிறது என்று பயனர்கள் வெளியிட்டதும், 2023 மே மாதக் கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். (அந்தக் கலோரி எண்களை இங்கே எழுதாதது வேண்டுமென்றேதான்.) டெஸ்ஸாவை முன்பு ஆய்வில் சோதித்தபோது இருந்தது, எழுதிவைத்த பதிலை மட்டும் சொல்லும் வடிவம். அதை நடத்திய நிறுவனம், தானாகப் பதில் உருவாக்கும் வசதியைப் பிற்பாடு சேர்த்திருந்தது. சோதித்தது ஒன்று, புழக்கத்துக்கு வந்தது இன்னொன்று.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, நிமிடத்துக்கு 40-க்குக் கீழே போன நாடி, ஓயாத வாந்தி, எதையும் குடிக்கக்கூட மறுப்பது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஆப்பை ஓரம்கட்டிவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடம்புரளும். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் இல்லாமல் அது தெரியாது. இந்தியாவில் யாரிடம் தொடங்குவது என்றே தெரியாதவர்கள் டெலிமானஸின் 14416 எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம். அது பொதுவான மனநல உதவி எண். எந்த மருத்துவரிடம் போகலாம் என்று அங்கே கேளுங்கள்.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம் பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுடன் பகிர்ந்ததாகக் குற்றம்சாட்டிய அமெரிக்க வர்த்தக ஆணையம், 2023-ல் அதை 78 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. வீட்டில் போன் கைமாறும் என்றால் ஆப்புக்குத் தனி பூட்டு போடுங்கள், நோட்டிபிகேஷனில் வாசகம் தெரியாமல் மறையுங்கள். சிகிச்சை முடியும் தறுவாயில் முதலில் நினைவூட்டலை அணைத்து, பிறகு குறிப்பெழுதுவதை நிறுத்துங்கள். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் மட்டும் கணக்கு அழியாது. அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை அழித்துவிட்டு, அதன்பிறகு ஆப்பை நீக்குங்கள்.