ஒரே பேக்கேஜ்ல எத்தன பிளாக் வேணா போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. பேர் போடல, ஆனா வெப்சைட், டொமைன் (பிளாக்கோட அட்ரஸ் பேரு), ஹோஸ்டிங் (பிளாக் ஃபைலுங்கள வெக்கற வாடகை இடம்) எல்லாம் பண்ணித் தரோம்னு இந்த மாதிரி கடைங்க நம்ம ஏரியால இப்ப நிறைய இருக்கு, அதனாலதான் எழுதறேன்.

எங்க கிட்ட மூணு பிளாக். நான் ராயபுரம், தண்டையார்பேட்டை பழைய கதைங்க எழுதறேன், 1856ல தொறந்த ராயபுரம் ஸ்டேஷன்லேந்து காசிமேடு வரைக்கும், பெரியவங்க சொன்னது, அவங்க வீட்டு பழைய போட்டோ எல்லாம் போட்டு வெச்சிருந்தேன். அக்கா காலடிப்பேட்டைல டெய்லரிங் பண்றாங்க, அளவு ஜாக்கெட் வெச்சு எப்படி கட்டிங் போடறதுன்னு படம் படமா போடுவாங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் வியாசர்பாடி ஃபுட்பால் மேட்ச் பத்தி எழுதுவான். கடைக்காரரு சொன்னது, "தம்பி, மூணுக்கு எதுக்கு மூணு காசு, ஒரே ஹோஸ்டிங்ல எல்லாத்தையும் போட்டுடலாம், எல்லாமே அன்லிமிட்டட், டெய்லி பேக்கப் வேற இருக்கு, நீங்க எழுதற வேலைய மட்டும் பாருங்க." டொமைன் எங்க பேர்லதானே அண்ணேன்னு கேட்டதுக்கு, "உங்க பேர்லதான் தம்பி, பின்ன யார் பேர்ல"ன்னாரு. இதுல ஒண்ணு கூட உண்மை இல்ல.

கொஞ்ச மாசம் நல்லாதான் ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் அக்காவோட கஸ்டமர் ஒருத்தங்க ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறாங்க, கூகுள்ல அக்கா பிளாக்க தேடினா தலைப்பு பூரா ஜப்பான் எழுத்து, கீழ வாட்ச், ஹேண்ட்பேக் விக்கற விளம்பரம், ஆனா லிங்க் அக்காவோடதுதான். நாம நேரா அட்ரஸ் அடிச்சு தொறந்தா ஒண்ணும் தெரியாது, ப்ளவுஸ் படம் எப்பவும் போல வரும், கூகுளுக்கு மட்டும் வேற பக்கம் காட்டும். நம்ம சைட் கூகுள்ல எப்படி வருதுன்னு ஓனர் பாக்கற சர்ச் கன்சோல்ல போய் பாத்தா எங்களுக்கு யாருன்னே தெரியாத ஒரு ஜிமெயில் ஓனரா உக்காந்திருக்கு. அக்கா அன்னிக்கு சாப்பிடவே இல்ல, "என் பேர்ல எவனோ கடை போட்டிருக்கான்டா"ன்னு அழுதுட்டாங்க.

பெரம்பூர்ல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு இந்த ஃபீல்டுலயே இருக்காரு, அவரு உள்ள போய் பாத்து சொன்னாரு. ஃபுட்பால் பிளாக்ல கடைக்காரரு போட்டது காசு குடுத்து வாங்க வேண்டிய தீமோட (பிளாக்கோட ரெடிமேட் டிசைன்) திருட்டு காப்பி. அதுக்குள்ளயே பின்வாசல் மாதிரி ஒரு கோட் ஒளிஞ்சிருந்திருக்கு. சரி, அது ஃப்ரெண்டோட பிளாக், அக்காவோடதுக்கு எப்படி வந்துச்சுன்னா, இங்கதான் விஷயமே. மூணையும் ஒரே சிபேனல் அக்கவுண்ட்ல, அதாவது ஹோஸ்டிங்க நிர்வாகம் பண்ற ஒரே கணக்குல, ஆட்-ஆன் டொமைனா (கூடுதல் டொமைனா) போட்டா சர்வர பொறுத்தவரைக்கும் எல்லா ஃபைலும் ஒரே யூசரோடது, ஒரு பிளாக்குக்குள்ள பூந்தவன் பக்கத்து ஃபோல்டர்லயும் தாராளமா எழுதலாம், அங்க செட்டிங்ஸ் எழுதி வெச்சிருக்கற கான்ஃபிக் ஃபைல தொறந்து, கட்டுரைங்க சேமிச்சிருக்கற டேட்டாபேஸோட பாஸ்வேர்டையும் படிக்கலாம். ஒரே பூட்டுல மூணு வீடு.

சரி பேக்கப் குடுங்கண்ணேன்னு போனோம். பேக்கப் இல்ல. ஏன்னா அன்லிமிட்டட்னு சொன்னாலும் ஐநோட்னு ஒரு லிமிட் உண்டு, அதாவது மொத்தம் எத்தன ஃபைல் வெக்கலாம்னு ஒரு கணக்கு. நீங்க ஒரு போட்டோ ஏத்தினா வேர்ட்பிரஸ் (பிளாக் ஓடற சாஃப்ட்வேர்) அதயே சின்னது பெருசுன்னு பல சைஸ்ல வெட்டி வெக்கும், ஒவ்வொண்ணும் ஒரு ஃபைல். மூணு பிளாக்கும் படம் நிறைஞ்ச பிளாக், லிமிட் தாண்டிடுச்சு, தாண்டினதும் ஹோஸ்டிங் கம்பெனி அந்த அக்கவுண்ட்டுக்கு பேக்கப் எடுக்கறதயே நிறுத்திடுச்சு. கடைக்காரருக்கு மெயில் போயிருக்கு, எங்க கிட்ட மூச்சு விடல. அதுக்கு மேல "உங்க பாஸ்வேர்ட் வீக்கு தம்பி, க்ளீன் பண்ண சைட்டுக்கு 6,000 ஆகும்"னு வேற சொல்றாரு. கோவம் எனக்கு எங்க வந்துச்சுன்னா இங்கதான்.

வேணாம், நாங்க வெளிய போறோம், டொமைன் மாத்தற ஆத் கோட் குடுங்கன்னு கேட்டப்பதான் அடுத்த குண்டு. மூணு டொமைனும் அவரோட அக்கவுண்ட்ல, அவரோட மெயில்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கு. டாட் காம் டொமைனுக்கு ஓனர் கேட்டா 5 நாளுக்குள்ள ரெஜிஸ்ட்ரார் (டொமைன பதிவு பண்ற கம்பெனி) கோட் குடுக்கணும்னு ஐகேன் (உலக அளவுல டொமைன் பேருங்கள கவனிக்கற அமைப்பு) ரூல் இருக்கு, ஆனா பேப்பர்ல ஓனர் நாம இல்லியே.

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்க முதல்ல பாக்க வேண்டியது டொமைன். ஸ்பீடு, இடம், விலை எல்லாம் அப்புறம். டாட் காம் புதுசா வாங்கினா ஓனரோட மெயிலுக்கு வெரிஃபை பண்ணச் சொல்லி ஒரு மெயில் வரும், 15 நாளுக்குள்ள கிளிக் பண்ணணும். அது உங்க இன்பாக்ஸ்க்கு வரலன்னா டொமைன் உங்க மெயில்ல இல்லாம இருக்கலாம், உடனே கேளுங்க, காசு குடுத்த சூட்டோட கேட்டாதான் மாத்தி தருவாங்க. இன்னும் நல்லது, டொமைன நீங்களே ரெஜிஸ்ட்ரார் கிட்ட நேரா வாங்கிட்டு ஹோஸ்டிங் மட்டும் கடைல எடுங்க.

பல பிளாக் ஒரே இடத்துல வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனி சிபேனல் அக்கவுண்ட் கேளுங்க, ஹோஸ்டிங்க பல அக்கவுண்ட்டா பிரிச்சுக் குடுக்கற ரீசெல்லர் பிளான்ல அது முடியும். மல்டிசைட், அதாவது ஒரே வேர்ட்பிரஸ்ல பல பிளாக், போட்டுத் தரேன்னும் சொல்வாங்க, 2010ல 3.0 வெர்ஷன்லேந்து வேர்ட்பிரஸ்லயே இருக்கு, ஒரே நிர்வாகம்னா வசதிதான், ஆனா எல்லாம் ஒரே டேட்டாபேஸ், நாளைக்கு ஒரு பிளாக்க மட்டும் தனியா பிரிச்சு எடுக்கறது பெரிய வேலை, வேற வேற ஆளுங்க பிளாக்குன்னா வேணவே வேணாம். பேக்கப் உங்க லேப்டாப்ல இருக்கணும். வேர்ட்பிரஸ்ல டூல்ஸ்க்கு போய் எக்ஸ்போர்ட் குடுத்தா வர ஃபைல்ல எழுத்து மட்டும்தான் இருக்கும், போட்டோவுக்கு வெறும் லிங்க்தான், போட்டோ எல்லாம் இருக்கற அப்லோட்ஸ் ஃபோல்டர தனியா இறக்கணும். வெறும் எழுத்துதான், காசும் கம்மின்னா கூகுளோட பிளாகர்ல ஃப்ரீயா ஆரம்பிங்க, ஒரு அக்கவுண்ட்லயே பல பிளாக் வெச்சுக்கலாம்.

என் கட்டுரைங்க பாதிக்கு மேல, பழைய வெப் பக்கங்கள சேமிச்சு வெக்கற வேபேக் மெஷின்லேந்து காப்பி பண்ணி எடுத்துட்டேன். பெரியவங்க குடுத்த போட்டோ சிலது கிடைக்கவே இல்ல, திரும்பக் கேக்கலாம்னா அதுல ஒருத்தரு இப்ப உயிரோட இல்ல.

கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல (நம்பர் 1915) பில்லோட கம்ப்ளெயின்ட் போட்டோம். அதனால பில்லு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீங்க. கோர்ட்டுக்கே போனாலும் குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்ல ஃபீஸ் கிடையாது. கம்ப்ளெயின்ட் போனதுக்கப்புறம் அக்கா டொமைனுக்கு மட்டும் கோட் அனுப்பினாரு, அக்கா அதே பேர பிளாகர்ல இணைச்சு திரும்ப கட்டிங் போட ஆரம்பிச்சுட்டாங்க. மத்த ரெண்டு டொமைனும் இன்னும் அவரு கிட்டதான் இருக்கு, அடுத்து கமிஷன்லதான் கேஸ் போடப் போறோம்.