கடைக்கு எந்த டேட்டாபேஸ்? எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்

மொத்த மளிகைக் கடை, மருந்துக் கடை, பத்துத் தையல் இயந்திரங்கள் ஓடும் பனியன் கம்பெனி. இப்படிப்பட்ட இடங்களுக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்காகவே, தரவைச் சேமித்துவைக்கும் மூன்று டேட்டாபேஸ்களின் இந்த ஒப்பீடு. கோடிக்கணக்கான பயனர்கள் கொண்ட செயலிகளுக்கு வேறு கணக்கு. ஆனால் நம்மில் பலர் சிறு கடைக்கு வேலை செய்துகொண்டே, பெரிய நிறுவனங்களின் கட்டமைப்பைப் பார்த்து முடிவெடுக்கிறோம். அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. வேகப் பரிசோதனை அட்டவணைகளையும் வேலைச் சந்தையில் எந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம் என்பதையும் ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மென்பொருளை ஒப்படைத்த பிறகு இந்த டேட்டாபேஸை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

சிறு கடையில் அப்படி ஒருவரும் இருக்க மாட்டார். "தம்பி, பில் வரமாட்டேன் என்கிறது, வாடிக்கையாளர் நிற்கிறார்" என்று மாலை ஏழு மணிக்கு முதலாளி அழைக்கும்போது, மறுமுனையில் இருப்பது எழுதிக் கொடுத்தவர் மட்டும்தான். நான் முதலில் எஸ்க்யூலைட்டை எடுப்பதற்கு இதுவே காரணம்.

எஸ்க்யூலைட்டின் பிறப்பே இந்தச் சிக்கலில்தான் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் ரிச்சர்ட் ஹிப் வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குத் தனியாக ஓடும் டேட்டாபேஸ் நிரல், அதாவது ஒரு சர்வர், தேவைப்பட்டது. சர்வர் நின்றால் அவருடைய நிரலும் நின்றது. சர்வரே வேண்டாம், தரவு ஒரே கோப்பில் இருக்கட்டும் என்ற எண்ணத்தில் 2000ஆம் ஆண்டு எஸ்க்யூலைட்டை வெளியிட்டார். அதற்குப் பதிப்புரிமை கிடையாது. முழுவதும் பொதுச் சொத்து. இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஐபோனிலும் இருக்கிறது. 2050 வரை ஆதரவு தருவதாக உருவாக்கியவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

கடையில் இதன் அருமை மின்வெட்டின்போது தெரியும். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன கணினியில் பில் போடும் நடுவில் மின்சாரம் போனால், பாதி எழுதிய பரிவர்த்தனையை (ஒன்றாகவே முடிய வேண்டிய பதிவுகளின் தொகுப்பை) அடுத்த முறை திறக்கும்போது எஸ்க்யூலைட் தானே அழித்துவிடும். சரக்கு இருப்பு குறைந்து பில் மட்டும் பதிவாகாமல் போகும் நிலை வராது, இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதியிருந்தால். நிறுத்தித் தொடங்க வேண்டிய சேவை இல்லை, மறந்துபோகும் கடவுச்சொல் இல்லை, யாரோ மாற்றிவைக்கும் போர்ட் எண் இல்லை.

காப்புநகல் எடுப்பதும் எளிது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே கோப்புதானே என்று பென்டிரைவில் இழுத்துப் போடுவது, மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சரியான வழி அல்ல. மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிவைக்கும், 2010இல் வந்த வால் (WAL) முறையை இயக்கியிருந்தால் கடைசியாக எழுதியவை பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பில் இருக்கக்கூடும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் அன்றைய பில்கள் விடுபடலாம். எஸ்க்யூலைட் தரும் பேக்கப் வசதியை உங்கள் நிரலுக்குள்ளேயே வைத்து, கடை மூடும் பொத்தானோடு இணைத்துவிடுங்கள்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஒரே பில் கவுண்டர் உள்ள கடைக்கு இது பொருட்டே அல்ல. இரண்டாவது கவுண்டர் வரும்போது அந்தக் கோப்பை விண்டோஸ் பகிர்வுக் கோப்புறையில் வைத்து இரு கணினிகளிலிருந்தும் திறக்கிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நெட்வொர்க் வழியாகக் கோப்பைப் பூட்டும் முறை நம்பத்தக்கதல்ல, தரவே கெட்டுவிடலாம். ஒரு கணினியில் மட்டும் கோப்பை வைத்து, அதன் முன்னால் சிறு வலைச்சேவையை ஓடவிட்டு, மற்ற கவுண்டர்களை உலாவி வழியாக வரச்செய்யுங்கள். நான்கைந்து கவுண்டர்கள் இதில் தாராளமாக ஓடும்.

இன்னும் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது பணம். எஸ்க்யூலைட்டில் துல்லியமான தசம எண் வகை கிடையாது. ரூபாயை அப்படியே வைத்தால் தோராயமான மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கப்பட்டு, வரிக் கணக்கில் காசுகள் இடிக்கும். எல்லாத் தொகையையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள். மற்ற இரண்டிலும் தசம வகை இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது தமிழ் அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறது. எஸ்க்யூலைட் இயல்பாக அந்த எண் வரிசையில்தான் அடுக்கும். அதனால் வாடிக்கையாளர் பட்டியலில் 'கனகா' முதலிலும் 'கமலா' பிறகும் வரும். நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய். கமலாதான் முதலில் வர வேண்டும். ஒப்பிடும் சார்பு ஒன்றை நாமே எழுதி எஸ்க்யூலைட்டில் பதிவுசெய்ய முடியும். ஒரு மாலைப் பொழுது போதும். தமிழில் பட்டியல் காட்டும் மென்பொருளை இதைச் செய்யாமல் விற்பது எனக்கு ஏற்புடையதல்ல. போஸ்ட்கிரெஸில் 2017இல் வந்த பத்தாம் பதிப்பு முதலே மொழிவாரி வரிசைகளைத் தரும் ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்த முடிகிறது.

மைஎஸ்க்யூஎல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 1995இல் வந்தது, மலிவான வலைத்தள வாடகைத் திட்டங்கள் எல்லாவற்றிலும் கிடைத்ததால் ஒரு தலைமுறையே அதில்தான் கற்றது. வேர்ட்பிரஸ் தளம் வைத்திருந்தால் கேள்வியே இல்லை, அதையோ அதிலிருந்து பிரிந்த மரியாடிபியையோ பயன்படுத்துங்கள். ஆனால் புதிதாகத் தொடங்கும் வேலைக்கு அதை நான் எடுப்பதில்லை. தவறான தரவை வாய்மூடி ஏற்றுக்கொண்ட நீண்ட வரலாறு அதற்கு உண்டு. அளவுக்கு மீறிய சொற்றொடரைச் சத்தமில்லாமல் வெட்டிச் சேமிக்கும் பழக்கம் 2015இல் 5.7 பதிப்பு வந்த பிறகுதான் இயல்பான அமைப்பில் நிறுத்தப்பட்டது. 'விலை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்' என்று அட்டவணையில் நிபந்தனை எழுதினால், பிழை எதுவும் காட்டாமல் அதைப் புறக்கணித்துக்கொண்டிருந்தது; 2019இல் 8.0.16 பதிப்பில்தான் அந்த நிபந்தனை செயல்படத் தொடங்கியது. அதில் யூடிஎஃப்-8 என்ற பெயரில் இருந்த எழுத்துத் தொகுதி ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளை மட்டுமே தாங்கியது. தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் நமக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். வாடிக்கையாளர் ஓர் இமோஜியைப் போட்டதும் பிழை வரும். இப்போதைய பதிப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்புகளை யார் மாற்றினார்கள்?

போஸ்ட்கிரெஸ் மூன்றிலும் கண்டிப்பானது. அந்தக் கண்டிப்புக்காகவே அதை விரும்புகிறேன். பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. மைஎஸ்க்யூஎல் 2008இல் சன் நிறுவனத்துக்கும் 2010இல் ஆரக்கிளுக்கும் கைமாறியதைப் பார்த்தவர்களுக்கு இது சிறிய ஆறுதல் அல்ல. அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகளைக்கூடப் பரிவர்த்தனைக்குள் வைக்கலாம். நடுவில் தவறினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். மைஎஸ்க்யூஎல்லில் அதே வேலை பாதியில் நின்றால், எது மாறியது, எது மாறவில்லை என்று நள்ளிரவில் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் போஸ்ட்கிரெஸுக்கு ஆள் வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை ஒன்றை உருவாக்குகிறது. இயல்பான உச்சவரம்பு 100 இணைப்புகள். நீக்கிய வரிகளின் எச்சத்தைத் துப்புரவு செய்யும் வேக்யூம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள்தான் ஆதரவு. பெரிய பதிப்பு மாறும்போது பழைய தரவுக் கோப்புகளை அப்படியே திறக்க முடியாது, மாற்றியாக வேண்டும். மளிகைக் கடைக் கணினியில் இதையெல்லாம் யார் செய்வது? பல ஊர்களில் கிளைகள் உள்ள நிறுவனமாகவோ, மாதச் சம்பளத்துக்கு ஒரு கணினி ஆள் இருக்கும் இடமாகவோ இருந்தால் யோசிக்காமல் போஸ்ட்கிரெஸை எடுங்கள். கிளவுட் நிறுவனங்கள் பேக்கப்போடு நடத்தித் தரும் போஸ்ட்கிரெஸும் நல்ல வழிதான். மாத வாடகையை முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இணையம் போனால் பில்லும் நிற்கும் என்பதையும் சேர்த்து.

ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒரு செலவு இருக்கிறது. சம்பளப் பேச்சில் அது வருவதில்லை. நம் வீட்டு இரவுகளில்தான் வருகிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் மடிக்கணினியைத் திறக்க வைக்காத மென்பொருளே நல்ல மென்பொருள் என்பதில் உறுதியாக இருக்கிறேன். சுவாரசியமான தொழில்நுட்பத்தைக் கற்க ஆசை இருந்தால் சொந்த நேரத்தில் கற்கலாம். அடுத்தவர் கடையின் கணக்குப் புத்தகத்தை அதற்கான சோதனைக்கூடமாக்குவது நேர்மையல்ல.

கடை வளர்ந்து எஸ்க்யூலைட்டிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற வேண்டிய நாள் வந்தால் சிக்கல் பெரும்பாலும் தரவின் ஒழுங்கில்தான் இருக்கும். எஸ்க்யூலைட் இயல்பு நிலையில் எண்ணுக்கான நெடுவரிசையில் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து அட்டவணையை உருவாக்கும்போதே கண்டிப்பு முறையைக் கேட்டுப் பெறலாம். அதை முதல் நாளே போடுங்கள். ஓர் அட்டவணை சுட்டும் பதிவு இன்னோர் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கும் அயல் விசைச் சோதனையும் இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் அதை இயக்குங்கள்.