கட்ச் உப்புப் பாலைக்குப் போகிறீர்களா? சிறிய ரண்ணில் இரண்டு இரவு தங்குங்கள்

வேதாரண்யம் பக்கத்து உப்பள ஊரான அகஸ்தியம்பள்ளியில் பிறந்தவளுக்கு உப்பைப் பார்க்க குஜராத் வரை போக வேண்டுமா என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. நானும் கணவரும், நாற்பது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்த என் சித்தப்பாவும் போன பிப்ரவரியில் போய் வந்தோம். மறுபடியும் போவேன். ஆனால் இதே ஏற்பாட்டில் போக மாட்டேன்.

எங்கள் பக்கத்து டவுனில் இருக்கும் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டினோம். காட்டுக் கழுதைகளும் உப்பளங்களும் இருக்கிற ‘சிறிய ரண்’ என்ற உவர்நிலத்தில் இரண்டு இரவு, உப்பு படிந்து வெளுத்துக் கிடக்கும் வெள்ளைப் பாலையில் ஒரு இரவு என்றுதான் பேச்சு. சென்னையிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து அகமதாபாத்தில் இறங்கிய பிறகுதான் கணக்கைத் தலைகீழாக மாற்றியிருப்பது தெரிந்தது. கேட்டால், “எல்லோரும் வெள்ளைப் பாலைக்குத்தான் ஆசைப்படுவார்கள்” என்றார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? எழுபது வயதைத் தாண்டியவர் எதற்காக அவ்வளவு தூரம் வந்தார் என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

சிறிய ரண்ணை ஒட்டிய தசாடா பக்கம் நாங்கள் தங்கிய இடத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. மண் பூசிய வட்டக் குடில், சுத்தமான படுக்கை. இரவில் கம்பு ரொட்டி, பூண்டுச் சட்னி, வெல்லம், மோர். சோறில்லாமல் சித்தப்பா தவித்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்கள்.

விடியற்காலையில் ஜீப் கிளம்பியது. அங்கே நல்ல குளிர், போர்வை இல்லாமல் போகாதீர்கள். 1960களில் சில நூறாகக் குறைந்துபோயிருந்த காட்டுக் கழுதைகள் 2024 கணக்கெடுப்பில் 7,672 ஆகியிருக்கின்றன. முதலில் எதுவும் கண்ணில் படவில்லை, வெடித்த சேற்றுத் தரைதான் தெரிந்தது. பிறகு அந்தத் தரையே நகர்வது போல் பன்னிரண்டு கழுதைகள் நடந்து வந்தன. முதுகு அந்த மண்ணின் நிறம், வயிறு வெள்ளை, பிடரியிலிருந்து வால் வரை ஒரு கருங்கோடு. எங்கள் டிரைவர் தூரத்திலேயே என்ஜினை அணைத்துவிட்டார். வேறொரு ஜீப் கூட்டத்தை விரட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, நாமும் போகலாமா என்று கணவர் கேட்டார். “நான் துரத்த மாட்டேன்” என்றார் டிரைவர். அந்த ஒரு பதிலுக்காகவே அந்த இடத்தைச் சிபாரிசு செய்வேன்.

மழைக்காலத்தில் ரண் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும். அப்போது கழுதைகள் ‘பேட்’ என்று சொல்கிற மேடுகளில் ஒதுங்குகின்றன. அந்த மேடுகளில் சீமைக்கருவேலத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கோடியக்கரையில் வெளிமான் மேய்கிற புல்வெளியை விழுங்குவதும் அதுதானே.

பிற்பகலில், அங்கே உப்பு விளைவிக்கிற அகரியா சமூகத்துக் குடும்பம் ஒன்றின் உப்பளத்துக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கடலே இல்லை. நிலத்துக்கு அடியிலிருந்து உவர்நீரை மேலே இறைத்துப் பாத்தி கட்டுகிறார்கள். மழைத் தண்ணீர் வடிந்ததும் குழந்தை குட்டிகளோடு வந்து குடிசை போட்டால், கோடை முடிகிற வரை வாழ்க்கை அங்கேதான். அன்று அந்த வீட்டுக்காரர் பாத்திக்குள் நின்று பலகையால் அடி உப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். சித்தப்பா யாரிடமும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பலகையை வாங்கி நான்கு முறை இழுத்தார். கனத்தைப் பார்த்ததும் நின்று, குனிந்து ஒரு பரலை எடுத்தார். நம் ஊர் உப்பைப் போல் பல மடங்கு பெரிய பரல், கண்ணாடித் துண்டு மாதிரி. “கிளறக் கிளறத்தான் இப்படிப் பெருக்குமா?” என்று தமிழிலேயே கேட்டார். அவர் குஜராத்தியில் ஏதோ சொல்லிக் கையால் அளவு காட்டினார். இருவருக்கும் புரிந்துவிட்டது.

கரையேறியதும் சித்தப்பா தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். வெடிப்பு வெடிப்பாக, குதிகால் ஓரம் வெள்ளை பாய்ந்த பாதம். அவரும் உட்கார்ந்து தன் பாதத்தைத் திருப்பினார். இரண்டும் ஒரே பாதம்தான்.

1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி எங்கள் ஊரில் உப்பு அள்ளினார் என்று டிரைவரைவிட்டுச் சொல்லச் சொன்னேன். அந்த வீட்டுக்காரரின் மனைவி உடனே “தண்டி, தண்டி” என்றார். காந்தி உப்பெடுத்த தண்டியும் குஜராத்தில்தானே இருக்கிறது. பால் விட்ட தேநீர் கொடுத்தார், புறப்படும்போது ஒரு பிடி உப்பை முடிந்து கொடுத்தார். இதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இன்னொரு இரவு இருந்திருந்தால் காலையிலும் போயிருப்போம்.

வெள்ளைப் பாலை அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சூரியன் இறங்கும்போது தரை ரோஜா நிறமாகிறது. அதற்கு ஒரு மாலை போதும். கூடாரங்களில் ஒலிபெருக்கி வைத்து நடத்திய நடனத்தில் ஆடியவர்களின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அங்கே வீணாகப் போன அந்த இரண்டாவது நாளில், நாங்களே வண்டி பிடித்து நிரோணா கிராமத்துக்குப் போனோம். ஆமணக்கு எண்ணெயைக் காய்ச்சிப் பசையாக்கி, சாயம் கலந்து, உள்ளங்கையில் வைத்துக் குழைத்து, ஓர் இரும்புக் குச்சியால் நூல் போல இழுத்துத் துணியில் பூ வரைகிறார்கள். குச்சி துணியில் படுவதே இல்லை, நூல் மட்டும்தான் படிகிறது. பாதிப் பூவை வரைந்து துணியை மடித்து அழுத்தினால் மறுபாதி பதிந்துவிடுகிறது. ரோகன் என்று பெயர். சிறு துண்டு ஒன்று வாங்கினேன், விலை அதிகம், வேலைக்குத் தகும்.

விட்டுப்போன இரவுக்கான பணத்தைக் கேட்டு இரண்டு முறை நேரில் போனேன். பாதிதான் திரும்பியது. இனி இடையில் ஆள் வேண்டாம், தங்குமிடத்துக்கே நேராகப் பேசுங்கள், எத்தனை இரவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். உப்பு வாருவது மார்ச்சுக்குப் பிறகு என்று அந்த அகரியா சொன்னாராம். வெயில் கடுமையாக இருக்கும், பெரியவரை யோசித்துக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள். சித்தப்பா யோசிக்கவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்து, பரல்களை நம் ஊர் உப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.