பாடும் ரைசரை அடக்க எந்த வழி?

நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாயைத் தலைக்கு மேல் சுழற்றினால் ஊளையிடும். வேகம் கூட்டக் கூட்டச் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறாது, படிப்படியாகத் தாவும். இதே கூத்து வட கடலின் எரிவாயு மேடையில் நடந்தால் யாருக்கும் ரசிக்காது.

கடலடியையும் மேடையையும் இணைக்கும் வளையும் குழாய்தான் ரைசர். அதற்குள், எஃகு நாடாவை மடித்துக் கோத்த கார்கஸ் என்ற உள்ளடுக்கு இருக்கும். அதன் பள்ளங்களைக் கடக்கும் வாயு சுழி சுழியாகப் பிரிகிறது. அந்தத் தாளம் குழாய்க்குள் நிற்கும் ஒலியலையோடு சேர்ந்துவிட்டால் ரைசர் பாடத் தொடங்கிவிடும். பள்ளத்தின் அகலம் 10 மி.மீ., வாயுவின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் சுமார் 400 ஹெர்ட்ஸ். சத்தத்தைச் சகித்துக்கொள்ளலாம், கிளைபிரியும் சிறு குழாய்களின் வெல்டிங் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடுவதுதான் கவலை.

ஓட்டத்தைக் குறைப்பது உடனடி வழி. வால்வைத் திருகினால் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் உற்பத்தி நஷ்டம்.

வாயுவோடு கொஞ்சம் திரவம் கலப்பது எனக்குப் பிடித்த வழி. பள்ளங்களில் திரவம் தேங்கும், ஒலியும் மட்டுப்படும். ஈர வாயு ஓடும் ரைசர்கள் எளிதில் பாடாததும் இதனால்தான். சிக்கல் என்னவென்றால், ஏற்றுமதிக்கான வாயுவை மெனக்கெட்டு உலர்த்தித்தான் அனுப்புகிறார்கள். தண்ணீர் விட்டால் அது வாயுவோடு சேர்ந்து ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி போன்ற பொருளாக உறைந்து குழாயை அடைக்கும். ஆகவே ஹைட்ரேட் கட்டவிடாத கிளைக்கோல் போன்ற திரவம் வேண்டும், மறுமுனையில் அதைப் பிரித்தெடுக்கவும் வேண்டும்.

கார்கஸே இல்லாத வழவழப்பான ரைசர்? காகிதத்தில் அழகு. ஆனால் பாலிமர் சுவர் வழியே வாயு மெல்லக் கசிந்து வெளியடுக்குகளில் சேரும். உள்ளழுத்தம் சட்டென இறங்கினால் அந்த வாயு சுவரை உள்ளே நசுக்கிவிடும். அதைத் தாங்கத்தானே கார்கஸ்! தண்ணீர் செலுத்தும் குழாய்க்கு இது சரி, வாயுவுக்கு நான் துணியமாட்டேன்.

புதிதாக ரைசர் வாங்குபவர்கள் பள்ளத்தை நிரப்பிய கார்கஸைக் கேட்கலாம். ஏற்கெனவே தொங்குவதை மாற்றுவது பெருஞ்செலவு, அங்கே திரவம்தான். ஒன்று மட்டும் கவனம்: வாயு பள்ளத்துக்குள் நுழையும் பக்கத்து விளிம்பை மழுக்கினால் சத்தம் குறையும் என்று தோன்றும். உண்மையில் சத்தம் அதிகமாகும்.